மணற்குன்றும் துடுப்புச் சக்கரமும்

என்னிடம் முன்னாளில் கணக்குப் பாடம் பயின்ற மாணவர் ஒருவர் இப்பொழுது அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், பொறியாளராக இருக்கிறார். அவரிடமிருந்து அண்மையில் ஒரு கடிதம் வந்தது. குளிர்கால விடுமுறை நாட்களில் அவர் தம் நண்பர்களுடன் பாலைவனத்துக்குச் சென்று, மணற்குன்றுகளின்மீது ‘குவாட்’ என்னும் நாற்சக்கர வண்டியை ஓட்டுவது வழக்கமாம். மோட்டார் சைக்கிளைப் போலக் கைப்பிடியும் இருக்கையும் உடையதாய், நான்கு தடித்த டயர்களின்மேல் நிற்கும் சிறு வண்டி அது. முன்பெல்லாம் 8 துடுப்புகள் உள்ள டயர்களைப் பூட்டி ஓட்டி வந்தவர், இம்முறை கடைக்காரரின் சொற்கேட்டு, 12 துடுப்புகள் உள்ள டயர்களை வாங்கிப் பூட்டினாராம். சென்ற ஆண்டு எளிதாக ஏறிய அதே குன்றில் பாதித் தூரம் ஏறியதும் எஞ்சின் இளைத்து நின்றுவிட்டது. வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கியது. அவர் ஒரு பக்கமாகக் குதித்துத் தப்பினார். வண்டி கவிழ்ந்து புரண்டது.

“ஐயா, துடுப்பு மிகுந்தால் பிடிப்பும் மிக வேண்டும் அல்லவா? ஏன் குறைந்தது? டயரை மாற்றுவதா, பெரிய எஞ்சின் உள்ள வண்டியையே வாங்குவதா? அடுத்த பருவத்தில் என் 12 வயது மகனையும் வண்டி ஓட்டப் பழக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன்” என்று அவர் எழுதியிருந்தார்.

அக்கடிதத்துக்கு நான் எழுதிய விடையையே சற்று விரித்து இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நம்மில் பெரும்பாலோர் அத்தகைய வண்டியில் ஏறப் போவதில்லை. ஆயினும், மணலில் சக்கரம் எவ்வாறு செல்கிறது என்பது அறியத்தக்க செய்தி. அதனுள்ளே, ‘அதிகம்’ என்பது வேறு, ‘பொருத்தம்’ என்பது வேறு என்ற பாடமும் அடங்கியிருக்கிறது.

முதலில் மணலின் இயல்பைப் பார்ப்போம். கல்லைப் போல மணல் ஒரே உடம்பு உடையதன்று; தனித்தனியான கோடிக்கணக்கான மணிகளின் கூட்டம். ஒரு மணியை மற்றொரு மணியோடு பிடித்துவைப்பது அவற்றினிடையே உள்ள உராய்வு ஒன்றே. ஈரமணலில் நீர் மணிகளைச் சற்று ஒட்டவைக்கும். அதனால்தான் கடற்கரையில் அலை நனைத்துச் சென்ற இடத்தில் நடப்பது எளிதாயிருக்கிறது. உலர்ந்த மணலுக்கு அந்தத் துணையும் இல்லை. அதனைக் குவித்துப் பாருங்கள். சரிவு ஏறத்தாழ 33 பாகையை எட்டியதும், மேலே போடும் மணல் வழிந்து கீழே வந்துவிடும். உலகின் எந்தப் பாலைவனத்திலும் உலர்ந்த மணல் ஏறக்குறைய இந்தச் சரிவுக்குமேல் நிற்பதில்லை.

உராய்வுக்கு இன்னொரு குணமும் உண்டு. மேலே பாரம் அழுத்த அழுத்த மணிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றும்; பாரம் நீங்கினால் பிடியும் நீங்கும். ஆகவே மணலின் மேற்பரப்பு வலுவற்றது; சற்று ஆழத்தில் இருப்பது வலுவுடையது. சக்கரத்தைப் பற்றிய அறிவு முழுவதும் இந்த ஒரு செய்தியிலிருந்தே பிறக்கிறது எனலாம். மேல்மணலில் மூழ்காமல் மிதக்க வேண்டும். அதே வேளையில் அடிமணலைப் பற்றி உந்தவும் வேண்டும். மிதத்தல், உந்துதல் என்னும் இவ்விரண்டும் ஒன்றோடொன்று இணங்குவது அரிது. இவற்றை இணங்கச் செய்ய மனிதன் கையாண்ட வழிகள் மூன்று.

முதல் வழி, மணலின்மேல் தரையை விரிப்பது. என் மாணவர் வண்டி ஓட்டும் இடத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. கலிபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில், மெக்சிகோ எல்லையை ஒட்டி, அல்கதோனஸ் மணற்குன்றுகள் கிடக்கின்றன. இம்பீரியல் மணற்குன்றுகள் என்றும் இவற்றைச் சொல்வார்கள். நீளம் ஏறத்தாழ 45 மைல். அகலம் 6 மைல் அளவு. உயர்ந்த குன்றுகள் சுமார் 300 அடி. மோட்டார் வண்டிகள் பெருகத் தொடங்கிய காலத்தில் இந்த மணலைக் கடந்து மேற்கே செல்ல வழியில்லை. ஆகவே 1915-ஆம் ஆண்டில் மரப்பலகைகளை மணல்மீது பாவி ஒரு பாதை அமைத்தார்கள். அது விரைவில் தேய்ந்துபோகவே, 1916-இல் பலகைகளை முன்கூட்டியே சட்டமாகப் பிணைத்துக் கொணர்ந்து வேறொரு பாதை இட்டார்கள். ஒரு வண்டி செல்லும் அகலமே உடைய பாதை அது. எதிரே மற்றொரு வண்டி வந்தால், ஆங்காங்கே அமைத்திருந்த ஒதுங்குமிடங்களில் ஒன்று நின்று மற்றொன்றுக்கு வழி விட வேண்டும். காற்று மணலைக் கொண்டுவந்து மூடும். மீண்டும் அகற்ற வேண்டும். 1926-இல் புதிய சாலை அமையும்வரை இந்தப் பாடு தொடர்ந்தது. பலகைப் பாதையின் எச்சங்கள் இன்றும் அங்கே காப்பாற்றப்பட்டுள்ளன.

இரண்டாவது வழி, சக்கரத்தின் காலடியை அகலப்படுத்துவது. ஒட்டகத்தின் அகன்ற பாதம் மணலில் புதையாததை நாம் அறிவோம். மோட்டார் வண்டிக்கு இந்தப் பாடத்தைப் பயன்படுத்தியவர்களில் தலைசிறந்தவர் ரால்ப் பாக்னால்ட் என்ற ஆங்கிலேயப் படைப்பொறியாளர். எகிப்தில் பணியாற்றிய அவர், 1929, 1930, 1932 ஆகிய ஆண்டுகளில் போர்டு கார்களில் லிபியப் பாலைவனத்தின் உட்பகுதிகளுக்குச் சென்றார். டயரின் காற்றைக் குறைத்து ஓட்டினார். சக்கரம் புதைந்தபோது நீண்ட இரும்புத் தகடுகளை அடியில் இட்டு வெளியே எடுத்தார். யாரும் காரில் கடக்க இயலாது என்று கருதிய பெரிய குன்றுகளின்மேல், தக்க வேகத்தோடு சென்றால் ஏறலாம் என்று காட்டினார். பின்பு காற்றால் மணல் நகர்வதை ஆய்ந்து, 1941-இல் ஒரு நூல் வெளியிட்டார். மணலைப் பற்றி ஆராய்வோர் இன்றும் அந்நூலை நாடுகிறார்கள்.

காற்றைக் குறைப்பதால் வரும் நன்மையை ஒரு சிறு கணக்கால் அறியலாம். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 550 பவுண்டு எடை என்று கொள்வோம். டயரின் உள்ளே சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம் இருந்தால், அந்த எடையைத் தாங்க ஏறத்தாழ 18 சதுர அங்குல அடிப்பரப்பே போதும். டயர் தரையில் அவ்வளவே படியும். அழுத்தத்தை 5 பவுண்டாகக் குறைத்தால், 110 சதுர அங்குலம் படிந்தாக வேண்டும். எடை அதுவே, காலடி மட்டும் ஆறு மடங்கு. குவாட் வண்டிகளின் டயர்கள் இந்தக் கொள்கைப்படியே தடித்தும் மென்மையாகவும் செய்யப்படுகின்றன. 1970-இல் ஹோண்டா கம்பெனி அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய மூன்று சக்கர வண்டியும் இத்தகைய உப்பிய டயர்களில்தான் ஓடியது. மூன்று சக்கர வண்டி எளிதில் கவிழ்ந்து பலருக்குக் கேடு விளைத்தமையால், 1988-இல் அரசுக்கும் கம்பெனிகளுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அதன் விற்பனை அங்கே நின்றது. அதற்கு முன்னரே, 1980-களில், நான்கு சக்கர வண்டிகள் அதன் இடத்துக்கு வரத் தொடங்கிவிட்டன.

அகன்ற காலடி மிதக்க உதவும். ஆனால் 300 அடிக் குன்றில் ஏற அது போதாது. இங்கேதான் மூன்றாவது வழி வருகிறது. படகோட்டி நீரைப் பின்னே தள்ளுகிறான். படகு முன்னே செல்கிறது. அவ்வாறே மணலைப் பின்னே தள்ளி முன்னே செல்லும் சக்கரந்தான் துடுப்பு டயர். சாதாரண டயரில் இருக்கும் கட்டைகள் இதில் இல்லை. வழவழப்பான உடலின்மேல், குறுக்கு வாட்டில், ரப்பர்த் தகடுகள் இடைவெளிவிட்டு எழுந்து நிற்கும். பெரும்பாலும் முக்கால் அங்குலம், ஓர் அங்குலம் என்ற உயரம். வழவழப்பான உடல் மேல்மணலில் மிதக்கிறது. துடுப்பு உள்ளே இறங்கி, சற்று உறுதியான மணலைப் பற்றி உந்துகிறது. இணங்காத இரண்டும் ஒரே சக்கரத்தில் இவ்வாறு இணங்குகின்றன.

இனி, என் மாணவரின் கேள்விக்கு வருவோம். துடுப்பு மிகுந்தும் வண்டி ஏன் ஏறவில்லை?

துடுப்பு இலவசமாக உழைப்பதில்லை. ஒவ்வொரு துடுப்பும் ஒரு பிடி மணலை வாரிப் பின்னே எறிகிறது. எறிவதற்கு வேண்டிய சக்தியை எஞ்சின்தான் தர வேண்டும். 8 துடுப்புக்குப் போதுமான எஞ்சினிடம் 12 துடுப்பின் வேலையைக் கேட்டால், அது சுழலும் வேகத்தை இழக்கிறது. இவ்வகை விரைவு வண்டிகளின் எஞ்சின்கள் வேகமாகச் சுழலும்போதே முழுச் சக்தியையும் தருபவை. சுழற்சி தளர்ந்தால் சக்தி குறையும். சக்தி குறைந்தால் சுழற்சி இன்னும் தளரும். ஏற்றத்தின் நடுவே இந்தச் சுழலில் சிக்கிய வண்டி நின்றுதான் தீரும். ஆற்று மணலில் பாரவண்டி இழுக்கும் மாடு ஓட்டம் தளர்ந்து ஒருமுறை நின்றுவிட்டால், மீண்டும் கிளப்புவது எவ்வளவு அரிது என்பதை வண்டிக்காரர்கள் அறிவார்கள். அதே நிலைதான் இதுவும்.

இன்னொரு காரணமும் உண்டு. 20 அங்குல விட்டமுள்ள டயரின் சுற்றளவு ஏறக்குறைய 63 அங்குலம். அதில் 8 துடுப்புகள் இருந்தால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 8 அங்குல இடைவெளி. 12 இருந்தால் 5 அங்குலத்தைச் சற்றே கடக்கும். இடைவெளி சுருங்கினால், முன் துடுப்பு கலைத்துவிட்ட தளர்ந்த மணலையே பின் துடுப்பும் பற்ற நேரும். சக்தி மிக்க எஞ்சின் விரைவாகச் சுழற்றி அந்தத் தளர்ச்சியை ஈடுசெய்யும். சிறிய எஞ்சின் அதனைச் செய்ய இயலாது. ஆகவே துடுப்பின் எண்ணிக்கை நான்கு கூடியதற்கு ஏற்ப உந்துதல் கூடுவதில்லை. செலவு மட்டும் கூடுகிறது.

டயரைத் தேர்ந்தெடுக்கும் முறை இதிலிருந்து தானே விளங்கும். முதலில் எஞ்சினைப் பார்க்க வேண்டும். 250 கன சென்டிமீட்டர் அளவுள்ள எஞ்சினுக்கு 6 அல்லது 7 துடுப்புகள். 400, 450 அளவுள்ளதற்கு 8 துடுப்புகள். சக்தியை மிகுவித்துத் திருத்திய எஞ்சினுக்கு 10 அல்லது அதற்கு மேல் என்பது அனுபவமுள்ளோர் கைக்கொள்ளும் பொது வழக்கு. என் மாணவரின் வண்டி 400 அளவினது. ஆகவே பழைய 8 துடுப்பு டயரே அதற்கு உரியது. ஓட்டுபவர் உடல் பருத்தவராயின் எஞ்சினுக்குச் சுமை மிகும்; அவர் ஒரு படி குறைவான எண்ணிக்கையை நாடுவது நல்லது.

அடுத்தது, டயரின் விட்டம். உயரமான டயர் அழகாகத் தோன்றும், மிதக்கவும் உதவும். ஆனால் 20 அங்குலத்துக்குப் பதில் 22 அங்குல டயரைப் பூட்டினால், ஒவ்வொரு சுற்றிலும் வண்டி பத்தில் ஒரு பங்கு கூடுதல் தூரம் செல்ல வேண்டும். எஞ்சினின் பளுவும் அந்த அளவுக்கு ஏறும். ‘சற்றே பெரிய டயர்தானே’ என்று நினைப்பது, கியரையே மாற்றிவிட்டு மறந்துவிடுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, துடுப்பின் வடிவம். அகப்பையைப் போலக் குழிந்த துடுப்பு மணலை அடக்கிப் பிடிக்கும். உந்துதல் மிகுதி, கேட்கும் சக்தியும் மிகுதி. நேரான துடுப்பில் மணல் இருபுறமும் வழிந்துபோகும். பிடிப்பு சற்றுக் குறைவு, எஞ்சினுக்கு எளிது. துடுப்பு உயரமானால் ஆழப் பற்றும்; பளுவும் ஏறும். நான்காவது, டயரின் எடை. சுழலும் பொருளின் எடையைக் குறைத்தால் எஞ்சின் விரைந்து சுழலும். அதற்காகவே டயரின் உடலைச் சீவி மெலிதாக்கி விற்பதும் உண்டு. மெலிந்த டயர் கூரிய கல்லையும் முள்ளையும் தாங்காது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

துடுப்பு டயர் பின் சக்கரங்களுக்கு உரியது. முன் சக்கரங்கள் உந்துவதில்லை; திசை காட்டுகின்றன. ஆகவே முன்னே வழவழப்பான டயரில், நடுவே சுற்றிலும் ஓடும் ஒன்றிரண்டு வரம்புகள் இருந்தால் போதும். அந்த வரம்பு மணலைக் கீறிக்கொண்டு, படகின் சுக்கானைப் போலத் திசையைப் பிடிக்கிறது. பின்னே நல்ல துடுப்பு டயரைப் பூட்டிவிட்டு முன்னே பழைய டயரை விட்டுவைத்தால், வண்டி உந்தும், திரும்ப மறுக்கும்.

பூட்டும்போதும் கவனம் தேவை. குழிந்த துடுப்புக்கு முகமும் முதுகும் உண்டு. சக்கரத்தின் உச்சியில் நிற்கும் துடுப்பின் குழி முன்னோக்கியிருக்க வேண்டும். அது சுழன்று கீழே வரும்போதுதான் குழி பின்னோக்கி நின்று மணலை வாரித் தள்ளும். மாற்றிப் பூட்டினால், அகப்பையின் முதுகால் குழம்பை அள்ள முயல்வதைப் போலாகும். காற்றழுத்தம் டயர் செய்தவர் குறித்த அளவுக்குள், பெரும்பாலும் 5 பவுண்டை ஒட்டி, இருத்தல் நலம். மிகக் குறைத்தால் திரும்பும்போது டயர் விளிம்பைவிட்டு நழுவிவிடும். தார்ச்சாலையிலும் கற்பாங்கான தரையிலும் துடுப்பு டயரை ஓட்டலாகாது. வண்டி அதிரும், துடுப்புகள் கிழியும்.

இதுவரை சொன்னவை டயர் தருவனவற்றைப் பற்றியவை. டயர் தராதவற்றையும் சொல்லியாக வேண்டும். துடுப்பு முன்னோக்கி உந்தப் பிறந்தது. பக்கவாட்டில் அதன் பிடிப்பு மிகக் குறைவு. சரிவின் குறுக்கே செல்லும் வண்டி கீழ்ப்பக்கம் வழுக்கும். ஏற்றத்தின் நடுவே திடீரென்று குறுக்கே திருப்பினால் புரளும். ஏற முடியாது என்று தோன்றினால், வேகம் முற்றும் தீருமுன்பே அகன்ற வளைவாகத் திரும்பி இறங்கிவிட வேண்டும். நின்று பின்னோக்கி உருளத் தொடங்கினால், எஞ்சினை முடுக்கலாகாது. உடலின் எடையை மேட்டுப் பக்கமாகச் சாய்த்து, முன் பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தி நிறுத்த வேண்டும். நின்றபின் பின் பிரேக்கையும் இட்டு, மேட்டுப் பக்கமாகவே இறங்க வேண்டும். என் மாணவர் இதனை அறிந்திருக்கவில்லை.

ஏறி முடித்தவுடன் ஆபத்து தீர்ந்தது என்று எண்ணுவதும் பிழை. காற்று மோதும் பக்கத்தில் மணற்குன்று மெல்லச் சரிந்திருக்கும். மறுபக்கத்தில், நான் முன் சொன்ன 33 பாகையை ஒட்டி, செங்குத்துப்போல் இறங்கும். முகட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது ஏறுபவருக்குத் தெரியாது. நல்ல டயர் வாய்த்தவர் வேகமாக ஏறுவார். வேகமாக ஏறியவர் முகட்டைத் தாண்டி வெறும் வெளியில் பாய்வார். ஆகவே முகட்டை நெருங்கும்போது வேகத்தைத் தணித்து, சற்றுச் சாய்வாகச் சென்று, மறுபக்கத்தைக் கண்ட பின்பே இறங்க வேண்டும். இம்பீரியல் மணற்குன்றுகளில் ஒவ்வொரு வண்டியிலும், தரையிலிருந்து 8 அடி உயரத்தில் கொடி பறக்க வேண்டும் என்பது விதி. முகட்டின் இருபுறமும் ஒரே நேரத்தில் ஏறும் இருவர், ஒருவரையொருவர் காணுமுன் ஒருவர் கொடியை மற்றவர் காணட்டும் என்பதே அதன் நோக்கம். விடுமுறை நாட்களில் இலட்சத்துக்கு மேற்பட்டோர் கூடும் இடத்தில், அந்தச் சிறு துணி பல உயிர்களைக் காக்கிறது. தலைக்கவசமும் அவ்வாறே கட்டாயம்.

இறுதியாக, அந்த 12 வயதுச் சிறுவன். டயரைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் விடை எழுதிய பின்பும், இந்த ஒரு வரியே என் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. பெரியவர்களுக்கான குவாட் வண்டி பல சிறுவர்களின் எடையைப்போல் மூன்று நான்கு மடங்கு கனமுள்ளது. கவிழ்ந்தால் அதன் அடியிலிருந்து தாமே வெளிவரச் சிறுவர்களால் இயலாது. ஓட்டும்போது உடலைச் சாய்த்து வண்டியை நிலைநிறுத்தும் பலமும், கணத்தில் முடிவு செய்யும் பக்குவமும் அந்த வயதில் நிரம்பியிருப்பதில்லை. அமெரிக்காவில் ஆண்டுதோறும் இவ்வண்டிகளால் நூற்றுக்கணக்கானோர் இறக்கிறார்கள். அவர்களுள் சிறுவர்களும் உளர். 16 வயது நிரம்பாதவர்கள் இவ்வண்டியை ஓட்டவே கூடாது என்று அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் கழகம் அறிவுறுத்துகிறது. சிறுவர்களுக்கென்று சிறு எஞ்சின் உள்ள வண்டிகள் விற்கப்படுவது உண்மையே. விற்கப்படுகிறது என்பதனாலேயே ஒரு பொருள் நம் பிள்ளைக்குப் பொருந்திவிடாது. 12 துடுப்பு டயரும் கடையில் விற்கப்பட்டதுதானே!

ஆகவே என் மாணவருக்கு இவ்வாறு எழுதினேன்: “பெரிய எஞ்சின் வேண்டா; பழைய 8 துடுப்பு டயரையே மீண்டும் பூட்டுக. அது உன் வண்டிக்கு அளந்து தைத்த சட்டை. மகனைக் கட்டாயம் அழைத்துச் செல்க. அவன் குன்றின் அடியில் நின்று, காற்று மணலை எவ்வாறு அடுக்குகிறது என்று பார்க்கட்டும். பலகைப் பாதையைக் காணட்டும். ஒரு கைப்பிடி மணலைக் குவித்து அதன் சரிவை அளக்கட்டும். வண்டி நான்கு ஆண்டுகள் காத்திருக்கும்.”

விடை வந்தது. டயரை மாற்றிவிட்டாராம். மகன் பாகைமானியோடு மணலில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றையும் அனுப்பியிருந்தார். அவன் அளந்த சரிவு 32 பாகை. ஒரு பாகை குறைந்ததற்குக் காரணம் என்ன என்று கேட்டு, கீழே தன் கையாலேயே ஒரு வரி எழுதியிருக்கிறான். அதற்கு இனிமேல்தான் விடை எழுத வேண்டும்.